விசிலை வெட்டும் பெட்டி

பாப்பாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய். நீ பேசுவது எனக்குப் பாதிதான் விழும். விழாத பாதிக்கு நான் "ஆமா, ஆமா" என்பேன். கடைசியில் எதற்கு ஆமா சொன்னேன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உங்கம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் வரை லயத்து வீடுகள் அமைதியாகத்தான் இருக்கும். இருக்கும் என்று நினைக்கிறேன். என் காதை நம்பி அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

விஷயத்தை முதலிலேயே போட்டுவிடுகிறேன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை ரிப்பீட் எழுதுவதற்குப் பதிகிற நாள் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீ பதியப் போவதில்லை, மூன்றாம் வருடத்தோடு இஞ்சினியரிங்கை விட்டுவிட்டுத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் உதவியாளராக வரப்போகிறாய், வந்து சனி ஞாயிறுகளில் என் ஸ்பீக்கர் செட்டில் உட்காரப் போகிறாய் என்று மெசேஜ் போட்டிருந்தாய். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாய். அதுவரைக்கும் சரி, வளர்ந்த பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்திருக்கிறது, அது உனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ முடிவெடுக்கக் கூடாது. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் அது விளங்கும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் ஸ்பீக்கர் செட்காரன். நோர்வூட்டிலிருந்து மேலே இருக்கிற தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். மற்ற பிள்ளைகள் மண்ணில் உருண்டு விளையாடிய வயதில் நீ ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றாய். மைக் விசில் அடித்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். நீ மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ஆம்ப்பின் குமிழை ஒரு இழை குறைப்பேன், விசில் அடங்கும். ஏன் விசில் அடிக்கிறது என்று கேட்டாய். மைக்குக்குக் கோபம் வந்துவிட்டது என்றேன். ரொம்ப காலம் அதை நம்பினாய் என்று பிறகு சொன்னாய். எனக்கும் அதற்கு மேல் தெரியாதுதான். குமிழைக் குறைத்தால் அடங்கும் என்பது தெரியும், ஏன் அடங்குகிறது என்பது தெரியாது. வயிற்றுப்பாட்டுக்கு அது போதுமாக இருந்தது.

நீ பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று கோயிலில் மாலை போட்டு, வளைவில் பேனர் கட்டி, "நம்ம தோட்டத்து இஞ்சினியர்" என்று என் மைக்கிலேயே என்னைக் கொண்டு சொல்ல வைத்தார்கள். படிக்கப் போகிற பிள்ளையைப் படித்து முடித்த பிள்ளையாக ஆக்கிவிடுவது நம் ஆட்களின் பழக்கம். முதல் லீவுக்கு நீ வந்தபோது ஆளுக்கொரு ரேடியோவும் ரைஸ் குக்கரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீயும் பாவம், ஒன்றிரண்டைப் பழுது பார்த்துக் கொடுத்தாய். அந்த லீவில் உன் முகம் சரியில்லை. பள்ளியில் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு அங்கே போனால் பாடமெல்லாம் இங்கிலிஷில் ஓடுகிறது, பாடம் எடுக்கிற சேர் சொல்வதில் பாதி விளங்கவில்லை என்றாய். விளங்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "எல்லாரும் தலையாட்டுறாங்கப்பா, நானும் ஆட்டிருவேன்" என்றாய். நான் அப்போது சிரித்தேன். அந்தக் காலத்திலேயே நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. கேட்காததற்கும் விளங்காததற்கும் தலையாட்டுவது நம் குடும்பத்துக்கு வாய்த்திருக்கிறது போலும்.

மூன்றாம் வருடத்தில்தான் உனக்கு அந்த இரண்டு பாடங்களும் சேர்ந்து வந்தன. ஒன்று உனக்குச் செல்லப்பிள்ளை, மற்றது மாமியார். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எனக்குக் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சொல்லிக் கொடுத்தாய். ஒரு கட்டம் போட்டாய், அதிலிருந்து ஒரு அம்புக்குறி வெளியே போனது, அதே அம்பு வளைந்து திரும்பி உள்ளே வந்தது. வெளியே போனதை அளந்து பார்த்து, நினைத்தது நடந்ததா என்று உள்ளே வந்து சொல்வது, சொன்னதை வைத்துத் திருத்திக்கொள்வது, அவ்வளவுதான் என்றாய். மைக் விசிலும் அதே வளையம்தானாம். மைக்குக்குள் போனது குழாயில் வருகிறது, குழாயில் வந்ததை மைக் மறுபடி கேட்கிறது, மறுபடி குழாய்க்கு அனுப்புகிறது. கோபம் இல்லை, தன் குரலையே கேட்டு மயங்குகிற வியாதி என்றாய். எனக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. நம் தலைவர்மாரில் சிலரை நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என் மண்டையில் ஏறவில்லை. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, அதற்குள் சின்னச் சின்னப் பெருக்கல் அடையாளங்கள். அந்த அடையாளங்கள் இடப்பக்கம் இருந்தால் ஆட்டம் தானாக அடங்கும், வலப்பக்கம் போனால் அடங்காது. கணக்கு விளங்குகிறது, ஆனால் பரீட்சையில் இடமும் வலமும் மாறிப்போகிறது என்றாய். மற்றப் பாடத்தைச் சொல்லும்போது உன் குரலே வேறு. ஒலியை நிமிடத்துக்கு நிமிடம் அல்ல, கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கில் நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு எண்ணாக்கி, அந்த எண்களை அலசித் திரும்ப ஒலியாக்குவது. டிஜிட்டல் சிக்னல் புரொசெசிங் என்று அதன் பெயரைச் சொல்லும்போது நீ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வாய். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாடத்துக்குச் செய்முறையாகத்தான் நீ அந்தப் பெட்டியைச் செய்தாய். சாப்பாட்டுப் பெட்டி அளவு. மைக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டினால் விசிலை மட்டும் கண்டுபிடித்து வெட்டிவிடும். எப்படிக் கண்டுபிடிக்கும் என்றேன். பேச்சு ஏறி இறங்கும், பாட்டு ஏறி இறங்கும், விசில் மட்டும்தான் ஒரே இடத்தில் நின்று வளரும், அப்படி நின்று வளர்வது எதுவோ அதை வெட்டச் சொல்லியிருக்கிறேன் என்றாய். உன் சேர் பாராட்டினாராம். கெம்பஸ் மண்டபத்தில் எல்லாம் சரியாக வேலை செய்ததாம். திறந்த வெளியில், குழாய் ஸ்பீக்கரில், திருவிழாக் கூட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நம் மாரியம்மன் திருவிழாவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் கோயில் தலைவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பெட்டிக்கும் சேர்த்துத் திருநீறு பூசிவிட்டார்.

நம் தோட்டத்துக் கரக வழக்கம் உனக்குத் தெரியும். ஆற்றில் கரகத்தைச் சோடித்துப் பாலித்து, பூசாரி அதைத் தலையில் ஏற்றி, தப்பு மேளத்தோடு மேலே வருவார். கோயிலுக்குக் கீழே கடைசி வளைவில் நின்றுவிடுவார். நாயனக்காரர் முன்னால் ஏறி வந்து கோயில் வாசல் மைக்கில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பார். மூச்சு முட்டும் வரை பிடிப்பார். அந்த நீளச் சுரம் வளைவுக்குக் கேட்கும்போதுதான் பூசாரிக்கு அருள் வரும், அருள் வந்தால்தான் கரகம் நகரும். வேறு தோட்டங்களில் இப்படிக் கிடையாது. நீ அதை யோசிக்காமல் இல்லை. பெட்டியை மாட்டிய அன்று காலையிலேயே ஒரு சின்ன சுவிட்சைக் காட்டி, "அப்பா, நாயனம் நீட்டி ஊதுனா இது விசில்னு நெனைச்சு வெட்டிரும். அந்த வித்தியாசம் இதுக்கு இன்னும் தெரியாது. வெட்டுன ஒடனே இதத் தட்டி விட்டுருங்க, பெட்டி வெலகிக்கிரும். இதுக்கு ஒங்க காதத்தான் நம்பியிருக்கேன்" என்றாய். நான் தலையாட்டினேன். கீழே எப்படிக் கேட்கிறது என்று பார்க்க நீ வளைவுக்கு இறங்கிப் போனாய்.

பொழுது சாய்கிற நேரம். கரகம் வளைவுக்கு வந்துவிட்டது என்று கையைக் காட்டினார்கள். நாயனக்காரர் முத்தையா அண்ணன் வாயில் வைத்துப் பிடித்தார். அவர் கன்னம் உப்புவதையும் நரம்பு புடைப்பதையும் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு ஏதோ கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் அவர் ஊதுவது கேட்டதா, தப்பு கேட்டதா, பழக்கத்தில் மனசுக்குள் கேட்டதா, இன்று வரை தெரியவில்லை. குழாயில் சுரம் அறுந்து போனதை அங்கே நின்ற சின்னப் பிள்ளைகள் கூடத் தெரிந்துகொண்டார்கள். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாராட்டாகப் பார்க்கிறார்கள் என்று எண்ணி நான் சிரித்தேன்.

நீ தேயிலைக்கு நடுவால் குறுக்கு வழியில் ஏறி ஓடி வந்தாய். சேலையெல்லாம் சேறு. நேராக வந்து சுவிட்சைத் தட்டினாய். அதற்குள் அண்ணனுக்கு மூச்சு முடிந்துவிட்டது. "என்னாப்பா, சுவிட்சு வேல செய்யலியா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் நல்லாத்தானே போவுது" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அந்த இடத்திலேயே உனக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. அண்ணன் இரண்டாம் தடவை பிடித்தார், மூன்றாம் தடவையும் பிடித்தார். சுரம் கீழே கேட்டும் அருள் வரவில்லை. கால் கடுத்துப்போன பூசாரி கடைசியில் சும்மா நடந்தே மேலே வந்து கரகத்தை இறக்கினார். இறக்கிவிட்டு, "ஆத்தா எறங்கலய்யா" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு ஊர் இருக்கும்போது அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாள் காலை எல்லோரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடப் போன பிறகு, நீ என்னைக் கதவைச் சாத்தச் சொல்லி, லேப்டொப்பில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாய். நான் எல்லாவற்றுக்கும் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீ கவனித்தாய், நான் உன் விரலைப் பார்த்துத் தூக்குகிறேன் என்று. லேப்டொப்பைத் திருப்பிப் பிடித்தாய். அப்போதும் விடாமல் குத்துமதிப்பாகத் தூக்கினேன். "நான் இன்னும் ஒண்ணுமே போடலப்பா" என்றாய். சிரிக்க வேண்டிய நேரம்தான், நீ சிரிக்கவில்லை. பிறகு ஒழுங்காக இருந்தேன். கட்டைச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை எனக்கு எவ்வளவு கேட்கிறது என்று நீ கோடு போட்டுக் காட்டினாய். பாதி தூரம் நேராகப் போய், அதற்குப் பிறகு பள்ளத்தில் விழுந்த கோடு. இத்தனை வருடம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதற்குக் கிடைத்தது. இது ரிப்பேர் பார்க்க முடியாத சாமான் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். அழாமல் சொன்னாய். எனக்கு அது பிடித்தது, நீ என் மகள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கோயிலுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். நீதான் தடுத்தாய். காது கேட்காதவன் செட்டை யார் கூப்பிடுவார்கள், வீட்டில் அடுப்பு எரிவது அதில்தானே என்றாய். "பழி மெஷின் மேலயே இருக்கட்டும்ப்பா. மெஷினுக்கு வயிறு இல்ல." நான் உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னது நியாயமாகவும் இருந்தது, எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதன் எழுந்திருக்க மாட்டான்.

ஆனால் பழி மெஷின் மேல் நிற்கவில்லை. அது எங்கே நிற்கும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "படிச்ச புள்ள பெட்டிய வச்சு ஆத்தாவ வாசல்ல நிறுத்திப்புடுச்சு" என்று தொடங்கினார்கள். மேல் லயத்தில் ஒரு பசு செத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதையும் உன் கணக்கில் எழுதினார்கள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் நின்றால் உங்கம்மா காதுபடவே பேசினார்களாம். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், அதுதான் அவள் துரதிர்ஷ்டம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளை டீச்சராக வந்துவிட்டால் இவர்கள் வாயெல்லாம் அடங்கிவிடும் என்று மட்டும் சொன்னாள். உனக்கு அந்த யோசனையை முதலில் கொடுத்தவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்லாதே. கவர்மென்ட் நியமனத்தை வேண்டாம் என்று சொன்ன குடும்பம் நம் மலையில் எது?

நீ திரும்பிக் கெம்பஸுக்குப் போய்ச் சேர்ந்தபோதே இந்தப் பேச்செல்லாம் போன் வழியாக உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சையில் பாதியில் எழுந்து வந்துவிட்டாய். பாடம் தெரியாமல் வரவில்லை. வளையத்தைப் பற்றிக் கேள்வி வந்ததாம், வரையத் தொடங்கினால் வளைவில் நின்ற கரகம்தான் கண்ணுக்கு வந்ததாம். பிறகு அந்த மெசேஜ். அதில் கடைசியில் எழுதியிருந்தாய்: "நீங்க கை வேலைய மட்டும் பாருங்கப்பா. காதுக்கு நான் இருக்கேன்."

அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இனிப் பயமில்லாமல் செட்டுக்குப் போகலாம், பக்கத்தில் நீ இருப்பாய், விசில் வந்தால் என் முழங்கையைத் தொடுவாய் என்று கற்பனை செய்து பார்த்தேன். உனக்கென்று ஒரு நல்ல நாற்காலி கூட டவுனில் பார்த்து வைத்தேன். பெற்றவர்கள் பிள்ளைக்காகத் தேய்வார்கள் என்று மைக்கில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். பிள்ளை தேய்வதையும் பெற்றவன் இப்படி உட்கார்ந்து ரசிக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி உனக்குத் தெரியாதது. போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த திருவிழாவுக்குக் கோயில் மடத்தில் கூட்டம் போட்டார்கள். செட்டு வழக்கம் போல என்னுடையதுதான் என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனிதர். பெட்டி மட்டும் வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன். பிறகு முத்தையா அண்ணன் எழுந்து, பெட்டி வராவிட்டால் போதாது, அந்தப் பிள்ளை ஈரத்துணியோடு வந்து கரகம் நின்ற வளைவிலிருந்து விழுந்து கும்பிட்டுக்கொண்டு வந்து ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நாயனத்தை எடுப்பேன் என்றாராம்; தூரத்தில் நின்று சொன்னதால் எனக்கு அப்போது அது விழவில்லை. அவர் கோபம் அவருக்கு நியாயம். ஆயுசு பூராவும் அவர் பிடித்த சுரத்துக்கு இறங்காத சாமி இல்லை. கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. தலைவர் என் இடப்பக்கம் குனிந்து, "என்னாங்கண்ணே, புள்ளைக்கிட்ட சொல்லிருவீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார். இடப்பக்கம் எனக்கு அறவே கேட்காது. அவர் வாய் அசைந்ததைப் பார்த்து நான் பழக்கத்தில் தலையாட்டத் தொடங்கிவிட்டேன்.

பாதி ஆட்டத்தில் நிறுத்தினேன். கல்யாணப் பத்திரிகையின் பின்னால் நீ அன்று சொன்னது ஒன்று நினைவில் இருந்தது. வளையத்தில் எது வேண்டுமானாலும் பழையதாக இருக்கலாம், பலமில்லாமல் இருக்கலாம், சமாளித்துவிடலாம். ஆனால் அளந்து சொல்கிற இடம் பொய் சொன்னால் மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தும் பிரயோசனம் இல்லை என்றாய். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எதற்கு ஆமா சொல்கிறேன் என்றே தெரியாமல் உன்னை ஈரத்துணியில் உருள வைக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என்ன கேட்டீர்கள், இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். முத்தையா அண்ணன் கேட்டது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. எழுந்து நின்று, "பெட்டில பிழையில்லைங்க. நாயனத்த அது வெட்டும்னு எம்மக மொதல்லயே சொன்னுச்சு, அதுக்குன்னு ஒரு சுவிட்சும் வச்சுக் குடுத்துச்சு. சுவிட்சு எங்கையில இருந்துச்சு. சுரம் நின்னது எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயிருச்சுங்க" என்றேன். இப்போது தலைவர் கேட்டதும் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

அதற்கு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முத்தையா அண்ணன்தான் எழுந்து என் வலப்பக்கம் வந்து, நல்ல சத்தமாக, "அத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் புள்ளைய இம்புட்டுப் பேசியிருக்க மாட்டோமேய்யா" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்துக்கொண்டே நின்றார். உன்னை விழுந்து கும்பிடச் சொன்ன பேச்சு அதோடு போயிற்று. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். மறுநாள் மேல் லயத்துப் பெண்கள் உங்கம்மாவுக்குக் கறிவேப்பிலையும் கொய்யாப்பழமும் கொண்டு வந்து கொடுத்தார்கள், அது மன்னிப்புதான். பெட்டி வேண்டாம் என்ற பேச்சும் போயிற்று. என் செட்டும் போயிற்று. காது கேட்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று தலைவர் கேட்கவில்லை, நானே இனி எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு கல்யாணமும் ஒரு கருமாதியும் கையில் இருந்தன, அவற்றையும் விட்டுவிட்டேன்.

வயிறு என்ன செய்யும் என்று நீ கேட்பாய். தொழிற்சாலையில் சாக்குத் தைக்கிற இடத்தில் ஆள் வேண்டும் என்றார்கள், போகிறேன். அங்கே காது தேவையில்லை. ஆஸ்பத்திரியில் காதுக்கு மாட்டுகிற சாமானுக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள். அதுவும் சில நேரம் விசில் அடிக்கும் என்று டொக்டர் ஐயா சிங்களத்தில் எச்சரித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் ஏன் என்று கேட்டார். விளக்கிச் சொல்ல என் சிங்களம் போதவில்லை.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். விளங்காத இடத்தில் கையைத் தூக்கு. இங்கிலிஷ் தப்பாக வந்தால் வரட்டும். என்னைப் போல் அடுத்தவன் விரலைப் பார்த்துத் தூக்காதே, விளங்கவில்லை என்று சொல்வதற்காகத் தூக்கு. மற்றபடி இஞ்சினியராகு என்றும் சொல்ல மாட்டேன், டீச்சராகாதே என்றும் சொல்ல மாட்டேன். டீச்சராவது உனக்குப் பிடித்தால் வா, நல்ல வேலைதான். ஆனால் என் காதாக இருக்க வராதே. அதற்கு இங்கே இடம் இல்லை. ஆம்ப் வைக்கிற மேசையைக் கூடக் கொடுத்துவிட்டேன்.

செட்டை நேற்று நோர்வூட் ஸ்டான்லி வந்து ஏற்றிக்கொண்டு போனான். எந்த ஸ்டான்லி என்று உனக்குத் தெரியும். இத்தனை காலம் நானும் அவனும் ஒருவன் கல்யாணத்தை ஒருவன் தட்டிப் பறித்தவர்கள், மாதாகோயில் திருவிழாவையும் மாரியம்மன் திருவிழாவையும் மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். குழாய்களை லொறியில் ஏற்றும்போது அவன் ஒரு கேலி கூடப் பேசவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் ஏறிய பிறகு மூலையில் இருந்த உன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். அது செட்டோடு சேர்ந்தது இல்லை, என் மகளுடையது என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போகாமல் நின்றான். நாயனத்தை விட்டுவிட்டு விசிலை மட்டும் வெட்டுகிற மாதிரி ஒன்று உன் மகள் செய்து தருவாளா, நானும் நாயனக்காரர்களிடம் திட்டுத்தான் வாங்குகிறேன் என்று கேட்டான். எனக்குக் கேட்கட்டும் என்று கத்தித்தான் கேட்டான், பக்கத்து வீடுகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

"அவ இன்னும் படிச்சுக்கிட்டிருக்காடா" என்றேன்.

நான் அவனிடம் சொன்னது உண்மையா பொய்யா என்பது வெள்ளிக்கிழமை உனக்குத்தான் தெரியும்.

அப்பா